ஒழுகுநீர்ப் படலம்

கூட்டலில் குற்றமறியாக் கூர்விழியோன், வட்டிக் கணக்கை வாய்ப்பாட்டால் வீழ்த்திய வன்தோளோன், கீழ்த்தளம் காக்கும் கணக்கர் பெருமான் வாழ்க! கைபேசி மேல் களமாடும் அவர்தம் கட்டைவிரல் வாழ்க!

அப்பெருமான் இல்லத்தில், மேல்வீட்டுக் குழாய் உடைந்து பெருகிய நீர் விதானம் பிளந்து இறங்கி, தையற்கலை வல்ல அவர் மனைவியார் மறுநாள் மணப்பெண்ணுக்குக் கொடுத்தாக வேண்டிய உடையின்மேல் சொட்டத் தொடங்கிற்று. அம்மையார் வாளி வைத்தார், உடையை நகர்த்தினார். சொட்டும் நகர்ந்தது. கறை பட்டால் இத்தனை நாள் பட்ட பாடும் வீண், பேரும் கெடும்.

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் புகாரை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது அங்கே எழுதாச் சட்டம். சென்றமுறை நம் வீரர் எழுதிய வரியைச் செயலாளர் திருத்திப் போட, கட்டடமே சிரித்தது. அம்மானக்கேட்டின் வடு ஆறாத நெஞ்சினராய், கைபேசி ஏந்திக் களம் புகுந்தார்.

இடப்புறம் 'ஹாஸ் லீக்டு' என்னும் ஆங்கில வினை முழுக்கவசம் பூண்டு நின்றது. வலப்புறம் 'ஹாஸ் பீன் லீக்கிங்', 'பீன்' என்னும் களிற்றை நடுவில் நிறுத்தி, 'இங்' என்னும் வாலைச் சுழற்றி ஆர்ப்பரித்தது. முன்னதை எழுதினார், ஒழுகி ஓய்ந்துவிட்டதென்று எண்ணிவிடுவார்களோ என அஞ்சி அழித்தார். பின்னதை எழுதினார், இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர் என்று செயலாளர் கேட்டுவிடுவாரோ என அதையும் அழித்தார். அழித்ததை எழுதி, எழுதியதை அழித்து, புருவம் நெரிய, வியர்வை ஆறாய்ப் பெருக, அவர் பொருத போரைச் சுவர்ப்பல்லி ஒன்றே கண்டது.

"ஏங்க, மாடிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்றார் மனைவியார்.

"எழுத்துல போகாத புகார் புகாரே இல்ல" என முழங்கினார் வீரர்.

அம்மையார் தலையிலடித்துக்கொண்டு வெளியேறினார்.

வாளி நீர் விளிம்பு தொட்ட வேளையில், வலப்படையே வாகை சூடுக எனத் துணிந்து, கண்களை இறுக மூடி, பெருமான் அனுப்பியேவிட்டார். செயலாளர் திருத்தவில்லை. கட்டடம் சிரிக்கவில்லை. வென்ற களிப்பில் அண்ணாந்து பார்த்தால், விதானம் சொட்டவில்லை. மூலையில் மனைவியார் உடையை இஸ்திரிப் பெட்டியால் உலர்த்திக்கொண்டிருந்தார். கறை ஏதும் இல்லை.

"மேல்வீட்டு அக்காகிட்ட சொன்னேன், தண்ணி வால்வை மூடிட்டாங்க" என்றார், நிமிராமலே.

ஐயகோ, ஓய்ந்த ஒழுக்குக்கு 'ஹாட் பீன் லீக்கிங்' அன்றோ வேண்டும் எனக் கட்டைவிரல் மீண்டும் படையெடுத்து எழ, அம்மையார் அவரையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெருமான் போனை வைத்துவிட்டு வாளித் தண்ணீரைக் கொட்டப் போனார்.