எலிகளுக்கு ஊட்டிவிட்ட அண்ணன் எழுதவைத்தது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் வாயால் சொல்லி எழுதவைக்கும் கடிதம். இங்கே நான் நலம், பல் ஒன்று மட்டும் குறைவு. அங்கே நீயும் உன் மனைவியும் நலமென்று நம்புகிறேன். உன் வீம்பும் நலமாகத்தான் இருக்கும், அதனால்தான் இந்தக் கடிதம். எழுதுவது நான் கூண்டு கழுவும் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளின் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

நீ ஏணியிலிருந்து விழுந்து, மூளையில் அடிபட்டு, வலது கை விளங்காமல் போய் வருகிற வெள்ளியோடு ஒன்றரை வருஷம். இடது கைக்குப் போகிற நரம்புகளில் ஒன்றைக் கழுத்துப் பக்கத்தில் எடுத்து வலது கைக்கு இணைக்கலாம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "இருக்கிற ஒரு கையையும் கெடுத்துக்கவா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாயாம். ஏழு வயதில் ஊசி போட வந்த நர்ஸின் இடது சுண்டுவிரலைக் கடித்தவன் நீ, எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அதே ஆபரேஷனை ஆறு மாதமாகக் கண்ணால் பார்க்கிறேன் தம்பி, எலிகளுக்கு.

மொத்தம் இருபது எலிகள். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா மயக்கம் கொடுத்து மூளையின் ஒரு பக்கத்தில் காயம் உண்டாக்கியதில் எதிர்ப்பக்க முன்கால் தொங்கிப்போனது. பத்துக்கு மட்டும் நல்ல பக்கத்து நரம்பைக் கொண்டுவந்து இணைத்தார், மற்ற பத்து ஒப்பிட்டுப் பார்க்க. கண்ணாடிப் பெட்டியில் ஓர் இடுக்கு, வெளியே தீனி, கெட்ட காலை நீட்டினால்தான் எட்டும். வாராவாரம் பரீட்சை. ஐந்து மாதம் ஆகியும் ஆபரேஷன் ஆன பத்தும் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன, ஆகாத பத்துமாவது பசியில் முட்டி மோதின. எல்லாவற்றையும் இழுத்து மூடிவிடலாம் என்கிற அளவுக்கு டாக்டரம்மா வந்துவிட்டார்.

அப்போதுதான் பல் பிடுங்க நாலு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தால் இந்தப் பெண் வாசலுக்கே ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்த சோம்பேறி எலி, கெட்ட காலை இடுக்கு வழியாக நீட்டி, விரல்களை மடக்கி, தீனியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. டாக்டரம்மா மட்டும், "நாலு நாள்ல என்ன மாறிச்சு?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். "நாலு நாளா நான் இங்க இல்லை, அதுதாம்மா மாறிச்சு" என்றேன். கழுத்தில் தையலோடு இருக்கிற ஜீவன்கள் பட்டினி கிடக்கின்றனவே என்று, தினமும் கூண்டு கழுவும்போது அந்தப் பத்துக்கும் என் கையாலேயே ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். வயிறு நிறைந்தவன் எதற்குக் கையை நீட்டுவான்?

டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள், குறித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். "எழுதத் தெரியாததாலதாம்மா எல்லாம் ஞாபகம் இருக்கு" என்று முதல் நாளிலிருந்து தொடங்கினேன். எந்த எலி, எத்தனை துண்டு, எது தும்மியது, எது முறைத்தது என்று மூன்று நாள் சொன்னேன். இந்தப் பெண் இரண்டு நோட்டு நிரப்பினாள். வேலை போகவில்லை. ஊட்டாமல் மறுபடி பரீட்சை வைத்ததில் பத்தில் எட்டு பிடிக்கின்றன, ஆபரேஷன் ஆகாததில் ஒன்றே ஒன்று.

இருக்கிற கையும் கெடுமா என்ற உன் கேள்விக்கு வருகிறேன். நல்ல கால் மூன்று வாரம் சோர்ந்திருந்தது, பிறகு பழையபடி ஆகி என்னை இரண்டு தடவை கீறியது. முதலில் கெட்ட கால் நீண்டால் நல்ல காலும் கூடவே ஆடியது, போகப்போகத் தனித்தனியாயிற்று. "எலி வேற, மனுஷன் வேற பெரியவரே, நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்கிறார் டாக்டரம்மா. சரிதான். எலியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, உன்னிடம் கேட்கிறார்கள். முடிவு உன்னுடையது, நான் வற்புறுத்தமாட்டேன். சம்மதித்தால் ஒன்று மட்டும்: அதன்பிறகு உன் மனைவி உனக்கு ஊட்டிவிடக் கூடாது.

நான்கு நல்ல கைகளோடு இருவரும் நெடுநாள் வாழ அண்ணனின் ஆசிகள்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது உன் மனைவி போன் செய்தாள். நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டாயாம். மனம் எப்படி மாறியது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "நீங்க நேர்ல வந்து விளக்கிச் சொல்லப்போறீங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான்" என்றாள். ஆகவே இதை அனுப்பப்போவதில்லை. ஆபரேஷன் முடிந்து நீ கட்டிலை விட்டு இறங்க முடியாமல் படுத்திருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் சொல்கிறேன்.