லாரி வராத காதுகுத்து

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பிழையும் இருக்கும். அஞ்சாவதோடு படிப்பை விட்டவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மாமல்லபுரத்தில் ஓட்டல்களுக்குத் தண்ணி லாரி ஓட்டுகிறேன். போனில் பேச எனக்குக் கூச்சம். அதனால் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் செல்வி, லாரி புக் பண்ண ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாள். பொத்தானை அமுக்கினால் வட்டம் ஒன்று சுற்றும். புக்கிங் பதிவான பிறகுதான் 'சரி, லாரி வரும்' என்று காட்டும்.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ நேரம்? மொதல்ல சரின்னு சொல்லிடு. அப்பால எழுதிக்க."

"எழுதறதுக்குள்ள அது நின்னுடுச்சுன்னா?"

"அதெல்லாம் நிக்காது." (பெரிய இன்ஜினியர்!) அவளும் அரைமனசாக நான் சொன்னபடியே மாற்றிவிட்டாள்.

கருங்குழியில் தங்கச்சி மகளுக்கு மொட்டை, காதுகுத்து. நான் தாய்மாமன். ஆனால் தண்ணிக்கு என்னிடம் யாருமே சொல்லவில்லை. வேறு லாரியைப் பிடித்துவிட்டார்களோ? மனசு வலித்தது. கேட்கக் கூச்சம். லாரிக்கு லீவு விட்டு, பட்டுச்சட்டை போட்டு, குடும்பத்தோடு பஸ் ஏறினேன்.

மொட்டையடித்ததும் முடி உடம்பெல்லாம் ஒட்டிக் குழந்தை அலறியது. குளிப்பாட்டப் பார்த்தால் டிரம்மில் ஒரு சொம்புத் தண்ணிகூட இல்லை. தெருக்குழாய் வரும் நாளுமில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது, ஆசாரி ஊசியோடு நிற்கிறார்.

தங்கச்சி வீட்டுக்காரர் ஓடிவந்தார். "இன்னா மச்சான், லாரி எங்க கீது?"

"எந்த லாரி?"

"உன் லாரிதான்! வேற எவனக் கூப்புடுவேன்? நேத்தே புக் பண்ணேன், சரின்னு வந்துச்சே!"

செல்வி தன் போனில் தோண்டிப் பார்த்தாள். சரி சொன்ன கையோடு வெப்சைட் நின்றுபோயிருக்கிறது. புக்கிங் பதிவாகவே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் பந்தலைப் பார்த்தேன்.

மிச்சமிருந்தது விருந்துக்கு வாங்கிய பன்னீர் சோடா. தங்கச்சி உடைத்து உடைத்துத் தலையில் ஊற்றினாள். நுரை பொங்கியதும் குழந்தை சிரித்துவிட்டது. பிசுபிசுவென்று என் மடியில் உட்கார்ந்தது. ஈயெல்லாம் எங்கள் மேல்தான்.

"தாய்மாமன் சீரு பாத்தியா, ஈயா கொண்டாந்துகீறாரு!" என்றது ஒரு குரல்.

மானம் போனது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி: அவர்கள் வேறு லாரியைக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலமே செல்வி வட்டத்தைத் திரும்பச் சுற்றவிட்டாள்.

இப்பவும் சொந்தக்காரர் விசேஷத்துக்கு என் லாரி நுழைந்தால் ஒரு சத்தம் கேட்கும்: "தண்ணி வந்துடுச்சி, சோடாவ உள்ள எடுத்து வைங்க!" முதலில் கத்துவது அந்த மொட்டைதான். நாலாவது படிக்கிறாள்.

வைகாசி, முதல் ஞாயிறு.