தலைவர் மீசையை மாடு தின்ற கதை

ஒரு சினிமா நடிகர், ஊரே கூடியிருந்த கூட்டத்தில், மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். புதிதாகப் பழகுகிறவர்களிடம் இந்த விஷயத்தை நான் இத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். "அப்படியா சார்!" என்று கண்ணை விரிப்பார்கள். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் மரியாதை போய்விடும். இன்றைக்குப் போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாயிரத்து எட்டாக இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். அப்போது நான் காமயகவுண்டன்பட்டியில் தலைவரின் ரசிகர் மன்றச் செயலாளர். (மன்றத்தில் மொத்தம் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் பொறுப்பாளர்கள்.) படம் வெளியானால் கம்பத்தில் தியேட்டர் வாசலில் பாலாபிஷேகம், சரவெடி, பிளெக்ஸ் பேனர், அதன் மூலையில் செல்போனைக் காதில் வைத்தபடி என் படம். இதுதான் எங்கள் பொதுத்தொண்டு. இது போக டீக்கடையில் ஒரு தகவலையும் பரப்பி வைத்திருந்தேன். அதாவது, தலைவருக்கு என்னை நேரில் தெரியும். நடந்தது என்னவென்றால், மதுரையில் ஒரு முறை அவருடைய கார்க் கதவை நான் திறந்துவிட்டேன், அவர் "தேங்க்ஸ்" என்றார். அந்த ஒற்றைச் சொல்லை வைத்து மூன்று வருடம் ஓட்டினேன். வருடா வருடம் அது வளர்ந்து, கடைசியில் அவர் என் தோளில் கை போட்டு, "சாப்பிட்டியா முத்துப்பாண்டி?" என்று கேட்கும் வரைக்கும் வந்திருந்தது.

என் தாய்மாமா தங்கராசுவிடம் மட்டும் இந்தச் சரக்கு செல்லுபடியாகவில்லை. அவர் திராட்சை விவசாயி. அவருடைய மகள் ஜெயந்தியை எனக்குக் கட்டிக்கொடுக்கலாமா என்று இரண்டு வீட்டிலும் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். எனக்கு அவள் மேல் கொள்ளை ஆசை. அவளுக்கு என் மேல் என்ன அபிப்பிராயம் என்று கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத் தலைவர் பூமியைக் காப்பாற்றக் கிளம்பினார். நடிப்பதைக் குறைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், பூமி சூடாகிறது, பருவம் தப்புகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று பேச ஆரம்பித்திருந்தார். படப்பிடிப்புக்காகக் கம்பம் வந்திருந்தவர், ஒரு நாள் சைக்கிளிலேயே எங்கள் ஊருக்கு வந்து பேசிவிட்டு மரக்கன்று நடுவார் என்று மன்றத்துக்கு அவருடைய மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது. கடிதம் இங்கிலீஷில் இருந்தது. தேனியில் காலேஜ் படித்தவள் ஜெயந்திதான். அவளிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பிளெக்ஸ் கூடாதாம். பட்டாசு கூடாதாம். பிளாஸ்டிக் தோரணம் கூடாதாம். பாலு ஊத்தவே கூடாதாம்" என்று வாசித்தாள்.

"அப்ப நாங்க எதுக்கு?"

"குழி தோண்டத்தான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டேன். "இலை தழையில கட்-அவுட்டு வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

அவள் கடிதத்தைத் திரும்பவும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "போடல. இப்பிடி ஒரு ஆளு கெளம்புவான்னு அவுக நெனச்சிருக்க மாட்டாக."

உள்ளேயிருந்து மாமா வந்தார். "ஏலே, மழை தண்ணி ஒழுங்கா இல்லைங்கிறத ஒரு நடிகரு சைக்கிள்ல வந்து எனக்குச் சொல்லணுமாக்கும்?"

"நீங்க சொன்னா யாரு மாமா கேப்பா? அவுக சொன்னா நாடே கேக்கும். அன்னைக்குப் பாருங்க, என்னையத் தனியாக் கூப்புட்டுப் பேசுவாக."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. தனியாக்கூட வேணாம். அந்த ஆளு உன் பேரச் சொல்லி ஒரு வாட்டி கூப்புடட்டும், அடுத்த முகூர்த்தத்துல நான் தட்டு மாத்துறேன். கூப்புடலைன்னா இந்தப் பேச்சே கெடையாது. என்ன சொல்ற?"

ஜெயந்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சம்மதம் மாமா" என்று சொல்லிவிட்டேன்.

என் திட்டம் சுலபமானது. இலை தழையிலேயே இருபதடி உயரத்துக்குத் தலைவர் நிற்பார். நிஜத் தலைவர் அதைப் பார்த்து அசந்துபோய், "யார் செஞ்சது?" என்று கேட்பார். மன்றத்தின் மற்ற பத்துப் பேரும் என்னைக் கை காட்டுவார்கள். அவர் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். இதில் எங்கே தப்பு நடக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தலைவர் வருவதற்கு முந்தின நாள் ராத்திரி, ஊருக்கு மேற்கே இருந்த பொட்டலில் மூங்கிலை நட்டுச் சட்டம் கட்டினோம். கால் இரண்டுக்கும் பச்சை மக்காச்சோளத் தட்டை. வேட்டிக்கு வாழைப் பட்டை. சட்டைக்குத் திராட்சைக் கொடி, கவாத்தில் வெட்டிப் போட்டதை மாமாவிடம் கேட்டே வாங்கினேன். முகத்துக்கும் கைகளுக்கும் தென்னங்குருத்து. கழுத்தில் அகத்திக்கீரை மாலை. எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தால், ஆள் யாரென்றே தெரியவில்லை. தலைவருக்கு அடையாளமே அந்தக் கட்டை மீசைதான். கறுப்பாக, பளபளப்பாக, இயற்கையாக என்ன இருக்கிறது என்று யோசித்தேன். மறுநாள் விடிந்ததும் மாமாவின் மேற்குத் தோட்டத்தில் புகுந்து, அறுப்புக்கு நின்ற பன்னீர் திராட்சையில் இருபது கொத்தை நறுக்கிக்கொண்டு வந்தேன். (கேட்டால் தரமாட்டார் என்பதால் கேட்கவில்லை.) கட்டி முடித்ததும் மீசை மின்னியது. என் நண்பன் மணி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

இப்போது அந்தப் பொருட்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. தட்டை, பட்டை, கொடி, குருத்து, கீரை, பழம். எல்லோரும் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். அதைப் பார்த்துவிட்டு ஒருவனுக்குக்கூட வேறு எதுவும் தோன்றவில்லை.

தோன்றியது ஒரே ஒருவருக்குத்தான். மலைமாடு மேய்க்கும் மாயாண்டி அண்ணன். எங்கள் பக்கத்து மலைமாடு தொழுவத்தில் கட்டிப்போட்டுத் தவிடு வைக்கிற ஜாதி இல்லை. காலையில் மந்தையாக மலையடிவாரம் போய் மேய்ந்துவிட்டு, சாயங்காலம் மந்தையாகவே இறங்கும். அவருடைய மந்தையில் நூறுக்கு மேல் இருக்கும். காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர் பொட்டலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே முத்துப்பாண்டி, திரும்பையில மாடு இங்கன கூடித்தான் எறங்கும். தெரியும்ல?"

"மூணு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்ணே. நீங்க போங்க."

மூன்று மணிக்குத் தலைவர் பாதி வழிகூட வந்திருக்கவில்லை. வழியெல்லாம் நிறுத்திச் சால்வை போட்டார்கள். பெட்ரோலை மிச்சப்படுத்த அவர் சைக்கிள் மிதித்து வந்தார். அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்க அவருக்குப் பின்னால் நூறு பைக் புகை கக்கிக்கொண்டு வந்தது. அவர் பொட்டலுக்கு வந்து இறங்கியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கட்-அவுட்டைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், தன் மீசையைத் தடவிக்கொண்டார். நான் வெட்டிவேர் மாலையோடு பாய்ந்தேன். போலீஸ்காரர் ஒருவர் என்னைக் கோழியை ஒதுக்குகிற மாதிரி ஒரு கையால் ஒதுக்கினார். தலைவர் அப்படியே மேடைக்குப் போய்விட்டார்.

யார் செய்தது என்று அவர் கேட்கவே இல்லை.

முன்வரிசையில் மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். பக்கத்தில் ஜெயந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடப் பொய்யையும் அப்போதே விழுங்கிவிட முடிந்தால் விழுங்கியிருப்பேன்.

தலைவர் பேச ஆரம்பித்தார். கரி, புகை, கடல் மட்டம், பனி உருகுவது என்று நன்றாகத்தான் பேசினார். கூட்டம் ஒரு பஞ்ச் டயலாக்குக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. "பசுமையை நாம காப்பாத்தினா..." என்று அவர் குரலை உயர்த்தியபோது மேற்கே மணிச் சத்தம் கேட்டது.

நூறு மாடும் ஒரே நேரத்தில் தலைவரைப் பார்த்தன. மேடையில் இருந்தவரை அல்ல.

முதலில் வந்த மாடு இடது கால் கட்டைவிரலை இழுத்தது. அடுத்தது வேட்டி நுனியைப் பிடித்தது. பிறகு யார் எதைத் தின்றார்கள் என்று தெரியாதபடி கூட்டம் மொய்த்துவிட்டது. கூடியிருந்தவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்கள். நான் மட்டும் ஓடினேன். கீழே கொம்புகள் நெருக்கமாக இருந்ததால், பின்பக்கச் சட்டத்தில் ஏறி மேலேயாவது காப்பாற்றலாம் என்று மார்பு உயரம் வரைக்கும் போய்விட்டேன். அங்கிருந்து "ஏய், ஏய்" என்று கத்தினேன். ஒரு மாடும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

தட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றையும் மாடுகள் இழுத்துவிட்டன. இருபதடித் தலைவர் மெதுவாக, மிக மரியாதையாக, மாடுகளுக்கு முன்னால் குனிய ஆரம்பித்தார். (நான் ஏறியதால்தான் குனிந்தது என்று மணி இன்று வரை சாதிக்கிறான்.) இடுப்போடு மடங்கி, முகம் மாட்டின் வாய் உயரத்துக்கு வந்து நின்றது. அதன் முதுகில் தவளை மாதிரி ஒட்டிக்கொண்டு நான். ஒரு கறுப்பு மாடு நிதானமாக வந்து, மீசையின் வலது பாதியை ஒரே வாயில் கவ்வியது. ஒரு போட்டோகிராபர் அந்த நேரத்தில் படம் எடுத்தார்.

கீழிருந்து மாயாண்டி அண்ணன் கத்தினார். "ஏலே முத்துப்பாண்டி! மாட்ட வெரட்டாத, மெரண்டா முட்டிப்புடும்! முத்துப்பாண்டி, கால ஒதறாதடா! ஏ முத்துப்பாண்டி!"

பொட்டல் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. மேடையிலும் கேட்டிருக்கிறது. மைக்கில் தலைவருடைய அந்தக் கணீர்க் குரல் வந்தது.

"முத்துப்பாண்டி, கீழே இறங்குங்க. என் மூஞ்சி போனா பரவாயில்லை, உங்க மூஞ்சியைக் காப்பாத்திக்குங்க."

அவ்வளவு பெரிய சிரிப்பை எங்கள் ஊர் அதற்கு முன்னால் சிரித்ததில்லை. எனக்கு அந்த அவமானத்துக்கு நடுவிலும் ஒரு விஷயம் பளிச்சென்று உறைத்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். இரண்டாவது பாதி மீசை போய்க்கொண்டிருந்தபோது நான் மாடுகளுக்கு மேலே சாய்ந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் மாயாண்டி அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டார். மாட்டைப் பிடிக்கத் தெரியாதா என்று யாரோ அதட்டியதற்கு அண்ணன் மைக்கிலேயே பதில் சொன்னார். "மலையில புல்லு இல்லங்க. பெய்யுற மாசத்துல பெய்ய மாட்டேங்குது, வேணாம்ங்கிற மாசத்துல வந்து கொட்டுது. காலையில இருந்து காஞ்ச சருகத் தின்னுட்டு வருதுக. இம்புட்டுப் பச்சைய இங்கன நட்டு வச்சா அது எப்பிடிங்க சும்மா போகும்?"

"நான் அரை மணி நேரமா இதைச் சொல்லத்தான் பாத்தேன்" என்றார் தலைவர். அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல் விழுந்தது. பிறகு புங்கன்கன்றுகளை நட்டார்கள். ஒரு மாடும் அதைத் தொடவில்லை, வயிறு நிறைந்திருந்தது.

நான் கொடியும் கீரையுமாகக் கீழே இறங்கி வந்தபோது மாமா குனிந்து தரையில் எதையோ பொறுக்கினார். ஒற்றைத் திராட்சை. துண்டில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தபோது கண் சிவந்திருந்தது.

"இது நம்ம மேக்குத் தோட்டத்துப் பழம்ல?"

நான் சட்டையில் ஒட்டியிருந்த கீரையை உதறினேன்.

"திருட்டுப் பய. இவனுக்கா பொண்ணு? நடிகரு இப்பிடிக் கூப்புடுறதுக்கு நான் சொல்லல."

"எப்பிடிக் கூப்புடணும்னு நீங்க போடலையேப்பா" என்றாள் ஜெயந்தி. "பேரச் சொன்னாகளா இல்லையா? ஊரே கேட்டுச்சு."

அந்தக் கேள்விக்கு முன்னால் அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பிறகு நான் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. மாமா வாக்குத் தவறாதவர். அடுத்த முகூர்த்தத்தில் தட்டு மாற்றினார். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் இருந்தன. திராட்சை மட்டும் இல்லை.

மறுநாள் பேப்பரில் வந்த அந்தப் படத்தை ஜெயந்தி கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். கல்யாணப் படம் உள்ளறையில்தான் இருக்கிறது. தலைவர் அதன் பிறகு பல மேடைகளில் இந்தக் கதையைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் பன்னீர் திராட்சைக்கு அதன் பெயரே போய்விட்டது. "என்னங்க, மீசை கழுவி வச்சிருக்கேன், சாப்புடுறீகளா?" என்பாள். அந்தப் பழத்துக்கு வேறு பெயர் உண்டு என்பதே என் மகளுக்கு ரொம்ப நாள் தெரியாது.

அவளுக்கு ஐந்து வயது இருக்கும்போது கம்பத்தில் ஒரு பழக்கடைக்குக் கூட்டிப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு, "அண்ணே, அரைக் கிலோ மீசை குடுங்க" என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். கடைக்காரர் அதற்குள் பன்னீர் திராட்சையை அரைக் கிலோ நிறுத்துப் பையில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"முத்துப்பாண்டி, சௌக்கியமா?"