தூக்கிய கைகளும் ஒரு சுவர்க் கடிகாரமும்

மனித நாகரிகத்துக்கு நீலகிரி மாவட்டம் வழங்கிய பெருங்கொடைகள் மூன்று. முதலாவது தேயிலை. இரண்டாவது, அந்தத் தேநீரில் முக்கி எடுத்தால் பாதி உள்ளேயே தங்கிவிடும் வர்க்கி பிஸ்கட். மூன்றாவது, குன்னூருக்கு மேலே, மேகத்துக்குச் சற்றே கீழே வீற்றிருக்கும் புனித தெயோபிலுஸ் உறைவிடப் பள்ளியின் 'தோல்வி ஆய்வுக் கூட்டம்'. முதல் இரண்டையும் மற்ற ஊர்க்காரர்கள் காப்பியடித்துவிட்டார்கள். மூன்றாவதைக் காப்பியடிக்க இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை.

பள்ளியின் கால்பந்து அணி தோற்கும்போதெல்லாம், அதாவது ஆடும்போதெல்லாம், அடுத்த திங்கட்கிழமை பெரிய அரங்கில் கூட்டம் கூடும். முதலில் ஜெபம். பிறகு தேநீரும் வர்க்கியும், மேடைக்கு மட்டும். அப்புறம் தோல்விக்குக் காரணமானவரைக் கண்டுபிடித்து, பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுப்பார்கள். அவர் கடிகாரத்தோடு வெளியேறும்போது அரங்கமே எழுந்து நின்று கைதட்டும். 'வேலைநீக்கம்' போன்ற அநாகரிகமான சொற்கள் அந்த வளாகத்துக்குள் நுழைந்ததே இல்லை. கோத்தகிரியில் ஒரு முன்னாள் பயிற்சியாளர் வீட்டுச் சுவரில் அந்தக் கடிகாரம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேரத்துக்குப் போக வேண்டிய இடம்தான் அவருக்கு இல்லை.

பழி எப்போதும் மனிதர்கள் மீதே விழுந்தது என்று சொன்னால் பாவம் வந்து சேரும். மூடுபனி குற்றவாளியாகியிருக்கிறது. மைதானத்தில் படுத்திருந்த காட்டெருமை ஒன்றின் மீதும் குற்றம் நிரூபிக்கப்பட்டது. அதற்குப் பொன்னாடை போர்த்த ஒருவரும் முன்வராததால் அந்தத் தீர்மானம் நிலுவையில் இருக்கிறது.

இப்போதைய பயிற்சியாளர் ஏழுமலை. தொழிற்சாலை அணிக்கு ஆடியவர், சாது. பள்ளி கொடுத்த சின்னக் குடியிருப்பு, பின்னால் மனைவி புஷ்பவல்லி போட்ட கேரட் பாத்தி, இவைதான் சொத்து. கடிகாரம் வந்தால் இரண்டும் போய்விடும். அதனால் திங்கட்கிழமை மாலைகளில் புஷ்பவல்லி அவரை வாசலிலேயே நிறுத்தி, முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார்.

இந்த ஆண்டு தாளாளர் சாமுவேல் தனராஜ் பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்குப் போய் ஞானம் பெற்றுத் திரும்பினார். ஞானத்தின் பெயர் 'பழிபோடாக் கலாச்சாரம்'. அதை நிறுவுவதற்காக, மலையாளம் கலந்து பேசும் கூடலூர்க்காரர் ஷிஜோ 'கலாச்சார ஆலோசகர்' ஆக நியமிக்கப்பட்டார். கால்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த நடுநிலைமைதான் அவருடைய தகுதி.

"மாஷே, இனி இங்கே யாரும் யாரையும் பிளேம் செய்யக் கூடாது, கேட்டோ," என்றார் ஷிஜோ.

ஏழுமலைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "ரொம்ப சந்தோசமுங்க. அப்போ இனிமே கடிகாரம் கெடையாதுங்களா?"

"கலாச்சாரம் வேறே, கடிகாரம் வேறே."

விதி எளிமையானது. ஆட்டத்தில் தவறு செய்த பையன் தானே வலது கையைத் தூக்கி, 'என் தவறு' என்று உரக்கச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் 'மன்னித்தோம்' என்று சொல்லும்வரை கையை இறக்கக் கூடாது.

"ஆட்டத்துக்கு நடுவுலயாங்க?"

"தப்பு நடக்கறது ஆட்டத்துக்கு நடுவில் அல்லே?"

"கோல்கீப்பருக்கு ரெண்டு கையும் வேணுமுங்களே."

"தப்பு செய்த கீப்பருக்கு ஒரு கை போதும், மாஷே."

கூட இருந்த தாளாளர் கண்களை மூடிக்கொண்டு பேசினார். "கோல் இன்று வரும், நாளை போகும். குணம்தான் நிலைக்கும் மிஸ்டர் ஏழுமலை." கண்களைத் திறந்தார். "இந்த வருடம் கோப்பை வராவிட்டால், உங்களுக்குத் தெரியும்."

அன்று முதல் ஏழுமலை பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கத் தொடங்கினார். எல்லைக் கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஓடி ஓடி மன்னித்தார். இந்தப் பக்கம் ஒருவனை மன்னித்துத் திரும்பினால் அந்தப் பக்கம் இருவர் காத்திருந்தார்கள். மாலையில் வீடு திரும்பியவர், குழம்பில் உப்பு ஒரு கல் கூடுதலாகப் போட்ட புஷ்பவல்லியையும் தூக்கத்தில் மன்னித்தார்.

ஆச்சரியம் என்னவென்றால் அணி ஜெயிக்கத் தொடங்கியது. எங்கள் பையன்கள் மொத்தமாகக் கை தூக்குவதைப் பார்த்த எதிரணிகள், 'ஆஃப்சைடு' கேட்கிறார்கள் என்று நினைத்து நின்றுவிட்டன. நின்றவர்களைத் தாண்டிப் பந்தை உருட்டிக்கொண்டு போவதில் சிரமம் இல்லை. "கண்டோ, கலாச்சாரம்," என்றார் ஷிஜோ. தாளாளர் அரங்க வாசலில் தம் படத்துக்கு ஆணி அடிக்கச் சொன்னார்.

இறுதி ஆட்டம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி அணியோடு. அன்று காலை புஷ்பவல்லி மிளகுக் கஷாயத்தை நீட்டினார்.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளாவது கொஞ்சம் கம்மியா மன்னியுங்க. தொண்டை சுத்தமாப் போயிருச்சு."

"விதி புஷ்பா. என்ன பண்றது."

"அதைப் போட்டவங்க தொண்டை நல்லாத்தானே இருக்குது."

எதிரணிப் பையன்களுக்குக் கலாச்சாரம் சுத்தமாகப் புரியவில்லை. எத்தனை கை தூக்கினாலும், விசில் அடிக்கும்வரை அவர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கட்டத்தில், இரு பக்கமும் கோல் இல்லாத நிலையில், பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து வந்து மைதானத்தில் உட்கார்ந்தது. வெண்மைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"என் தவறு, சார்."

"யார்ரா அது?"

"முத்துராஜுங்க சார்."

"எங்கடா நிக்கறே?"

"எனக்கே தெரியலைங்க சார்."

அணியின் தடுப்பாட்டக்காரர்களிலேயே சொன்ன பேச்சைத் தட்டாதவன் முத்துராஜ். ஏழுமலை வாயைத் திறந்தார். "மன்..." அவ்வளவுதான். மிச்சம் வெறும் காற்றாக வந்தது. முத்துராஜ் தூக்கிய கையை இறக்காமல் நின்றான். அவன் நின்றது சொந்தக் கோலுக்கு நேர் முன்னே. பனியைக் கிழித்து வந்த பந்து அவன் உள்ளங்கையில் 'பட்' என்று அறைந்தது. விசில். பெனால்டி. கோல். கோப்பை போயிற்று. அதைப் பார்த்த முத்துராஜ் இடது கையையும் தூக்கினான்.

திங்கட்கிழமை வந்தது. மேடையில் வண்ணத்தாள் சுற்றிய கடிகாரம் காத்திருந்தது. கிளம்பும்போதே புஷ்பவல்லி எச்சரித்திருந்தார்: "யாரு கேட்டாலும் கையத் தூக்கிராதீங்க. பழக்க தோசத்துல தூக்கிருவீங்க." நம்பிக்கை போதாமல் அவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஏழுமலை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஜெபம் முடிந்து மேடைக்கு வர்க்கி வந்தது. "இது பழிபோடாத பள்ளி," என்றார் தாளாளர். "யார் மீதும் நாங்கள் பழி போட மாட்டோம். தோல்விக்குப் பொறுப்பானவர் தாமாகவே கை தூக்கட்டும்." சொல்லிவிட்டு ஏழுமலையையே பார்த்தார். கடிகாரத்தை வசதிக்காக இரு கைகளாலும் எடுத்துக்கொண்டார். ஷிஜோ பொன்னாடையை விரித்துப் பிடித்தார்.

ஒரு கை எழுந்தது. முத்துராஜின் கை. "என் தவறுங்க ஐயா."

"நீ இறக்கு தம்பி. கட்டணம் செலுத்துபவர்கள் இங்கே தவறு செய்வதில்லை."

"சார் மன்னிக்காம இறக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

பக்கத்தில் கோல்கீப்பரும் கை தூக்கினான். "அவன் நிக்கறதப் பாத்தும் நான் சொல்லலைங்க. என் தவறு." பிறகு அணி முழுவதும் தூக்கியது. விடுதிச் சமையல் அம்சவேணி எழுந்து நின்றார். "அன்னைக்குக் காலையில பொங்கல் போட்டது நானுங்க. பசங்க மந்தமாயிட்டாங்க. என் தவறு." மைதானத்தில் கோடு போடுகிற பாலன், கோடு பனியில் தெரியாததற்குப் பொறுப்பேற்றார். கடைசி வரிசையிலிருந்து புஷ்பவல்லியின் குரல் வந்தது. "கசாயத்துல மிளகு பத்தலைங்க. என் தவறு." அரங்கம் முழுவதும் கைகள், பலாமரத்தில் காய் தொங்குவது மாதிரி, ஆனால் மேல் நோக்கி.

தாளாளரின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகான காட்சி. இத்தனை பேர் பொறுப்பேற்ற இடத்தில் கை தூக்காதவர் ஒரே ஒருவர். நம் கலாச்சாரத்தை மீறியவர் யார் என்பது இப்போது..."

ஏழுமலை எழுந்தார். மிச்சமிருந்த தொண்டையைத் திரட்டினார்.

"மேடையிலயும் யாரும் தூக்கலைங்களே ஐயா."

தூக்கிய கைகள் தூக்கியபடியே இருக்க, அத்தனை தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின. யாரோ ஒருவருடைய வர்க்கி தேநீருக்குள் விழுந்தது தெளிவாகக் கேட்டது. மேடைக்காரர்கள் மனமில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குக் கை ஒழியவில்லை. ஷிஜோவின் இரு கைகளிலும் பொன்னாடை. மற்றவர்களுக்கு ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையில் வர்க்கி. தாளாளரின் கைகளில் கடிகாரம். அதைக் கீழே வைத்தால் கை காலியாகிவிடும் என்ற ஆபத்து அவருக்குச் சட்டென்று உறைத்தது. அவசரமாகப் பின்வாங்கியவர், ஷிஜோ விரித்துப் பிடித்திருந்த பொன்னாடைக்குள் புகுந்து, அது தோளில் தொங்க, கடிகாரத்தை மார்போடு அணைத்தபடி வாசலை நோக்கி நடந்தார்.

கடிகாரத்தோடு வெளியேறுகிறவருக்கு எழுந்து நின்று கைதட்டுவது அந்தப் பள்ளியின் மரபு. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் தூக்கிய கையை வைத்துக்கொண்டு எப்படித் தட்டுவது? அத்தனை கண்களும் ஏழுமலையைப் பார்த்தன.

"மன்னித்தோம்," என்றார் அவர். என்ன மாயமோ, குரல் கணீரென்று வந்தது.

கைகள் இறங்கின. கைதட்டலில் ஓட்டுக் கூரை அதிர்ந்தது. அந்த மன்னிப்பு சமையற்கட்டு வரைக்கும் எல்லாருக்கும் கிடைத்தது. வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த தாளாளருக்கு மட்டும் இல்லை. கை தூக்காதவரை மன்னிக்க அவர் போட்ட விதியில் இடமில்லை.