பொத்தான் நைனா சொல்லாத வார்த்தை

சென்னை ராஜதானியில் எல்லா ஊரிலும் சாப்பிட்டு, எந்த ஊரிலும் குடியிருக்காத மனிதர் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் எங்கள் பொத்தான் நைனா.

பட்டணத்துக் கம்பெனி ஒன்றின் பொத்தான்களை ஊர் ஊராகக் காட்டி ஆர்டர் பிடிப்பது அவர் உத்தியோகம். கடைக்காரர், கண்டக்டர், போலீஸ்காரர் எல்லாரையும் 'நைனா' என்பார். நாங்களும் அதையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தோம். உண்மைப் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டவர் யாருமில்லை. பெட்டி தூக்கச் சோம்பல்பட்டு, மாதிரிப் பொத்தான்களையெல்லாம் சட்டையிலேயே தைத்துக்கொண்டிருந்தார். மார்பில் சிப்பி, தோளில் பித்தளை, முதுகில் கொம்பு. பூந்தமல்லிக் கடைத்தெருவில் என் கடைமுன் வந்து, "கொம்பு பாக்கறியா நைனா?" என்று முதுகைத் திருப்புவார். வெயிலில் அவர் மினுங்கிக்கொண்டு வந்தால் நாய்கள்கூட ஒதுங்கி வழிவிடும்.

ரயில்வே பெஞ்சில் தூக்கம், ஓட்டலில் சாப்பாடு. ஒருநாள் காலையில் வந்து, இது திருமழிசையா பூந்தமல்லியா என்று என்னிடமே விசாரித்தார். வீடு எங்கே என்று கேட்டேன்.

"வாடகைக்கு ஒண்ணு கீது. பூட்டிகினு வந்தேன். சாவிய எங்கியோ வுட்டுட்டேன்."

பூட்டி எத்தனை வருஷம் என்பது அவருக்கே ஞாபகமில்லை. இரண்டு நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை.

அவரிடம் எங்களுக்கு ஒரே ஒரு குறை. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லமாட்டார். 'போறேன்' என்பார், அவ்வளவுதான். கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து என் மனைவி, ஒழுங்காகச் சொல்லச் சொல்லுங்கள் என்று குரல் கொடுப்பாள். கேட்டால், "வரேன்னு சொன்னா வரணும் நைனா. அடுத்து கம்பெனில எந்த ஊருக்குத் தொரத்துவானுங்கன்னு எனுக்கு இன்னா தெரியும்?" என்பார்.

யுத்த காலம். பஸ்கள் கரியில் புகைந்துகொண்டு ஓடிய வருஷங்கள். என் மனைவியைப் பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்ப நல்ல நாள் பார்த்து வைத்திருந்தோம். குழந்தை பஞ்சாங்கம் பார்க்கவில்லை. ஒரு காலைப்பொழுதில் வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சியோ திருமழிசைக்குப் போயிருக்கிறாளாம். நான் வீட்டுக்குள்ளேயே குடையை விரித்து, வாசற்படியில் அகப்பட்டுக்கொண்டேன். எப்படியோ தெருவுக்குப் போனவன், திரும்பி வந்து, திருமழிசைக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று மனைவியிடமே கேட்டேன். நான் பிறந்து வளர்ந்தது பூந்தமல்லியில்.

அந்த நேரத்தில்தான் நைனா வந்தார். என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். மருத்துவச்சி திருமழிசையில் என்பதை மட்டும் நான் சொன்னேன்.

"நீ இங்கியே குந்து நைனா. அந்தம்மாவ நான் பாத்துக்கறேன்," என்று திரும்பியவர், வழக்கம்போல, "போறேன்," என்றார்.

பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். "வரேன்னு சொல்லு நைனா. சொல்லாம வுடமாட்டேன்."

சிப்பிப் பொத்தான்கள் படபடவென்று தெறித்தன. உள்ளே ஓர் உயிர் இரண்டாகிக்கொண்டிருக்க, நான் வாசலில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"அவரு எதையோ சொல்லிகினு போவட்டும், சட்டைய வுடுய்யா!" என்று உள்ளிருந்து ஒரு கூச்சல். அதுவரை 'ங்க' போடாமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள் என் மனைவி.

நைனா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "வரேன்," என்றார், புது ஊர்ப் பெயரைச் சொல்லிப்பார்ப்பதுபோல. பிறகு ஓடினார்.

ஒருமணி நேரத்துக்குள் ஜட்கா வந்து நின்றது. மருத்துவச்சி இறங்கினாள். பின்னாலேயே பொத்தான் வியாபாரி, போடுவதற்குப் பொத்தான் இல்லாமல் சட்டை திறந்து பறக்க இறங்கினார்.

உச்சி வேளைக்கு முன் பெண் பிறந்தாள். தாயும் சுகம். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த மருத்துவச்சி, தெறித்த பொத்தான்களை நான் கை நிறையப் பொறுக்கி வைத்திருந்ததைப் பார்த்தாள். "கொழந்தய எந்தக் கையில வாங்குவே? தள்ளு," என்று நைனாவின் மடியில் குழந்தையை வைத்துவிட்டுப் போனாள். அவர் சுவரில் சாய்ந்து, மூச்சுவிடவும் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைத்தெருவில் காஞ்சீபுரம் பஸ் ஹாரன் அடித்தது. அன்று அவர் போயாகவேண்டிய ஊர். பஸ் கிளம்புகிறது என்று பதறிக் கத்தினேன்.

"மெல்லப் பேசு நைனா. கொழந்த தூங்குதில்ல."

என் வீட்டில் என்னையே அதட்டிவிட்டார். எனக்கு அத்தனை நிம்மதியாக இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.