மாமனாரின் சோக நாடகமும் ஒரு டேபிள் ஃபேனும்

நாடகம் பார்ப்பதைவிட, முடிந்து வெளியே வந்து அதைப் பற்றிப் பேசுவதில்தான் எனக்கு ருசி அதிகம். காபி கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "லைட்டிங்லாம் பரவாயில்லை, ஆனா..." என்று ஆரம்பித்தேன் என்றால், அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் காபி ஆறிவிடும். கேட்டுக்கொண்டிருந்தவர் கைக்குட்டையால் வாயைத் துடைக்கிற சாக்கில் நகர்ந்திருப்பார். மிச்சத்தைத் தூணிடம் சொல்லி முடிப்பேன். (தூண்கள் நல்ல ரசிகர்கள். நடுவில் "மணி என்ன ஆச்சு?" என்று கேட்பதில்லை.)

இத்தனைக்கும் நான் மேடையேறியது ஒரே தடவை. பள்ளிக்கூடத்தில் மரமாக நின்றேன். அதிலும் மூக்கைச் சொறிந்த மரம்.

எனக்கும் வித்யாவுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்குச் சில மாதங்கள் இருந்த நேரம் அது. எங்கள் வீடு குரோம்பேட்டையில். கிண்டியில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அவர்கள் வீடு மாடம்பாக்கத்தில். வித்யாவின் அப்பா சபேசன், டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை மற்றவர்கள் எழுதிய நாடகங்களில் நடித்தவர், ஓய்வுக்குப் பிறகு தானே ஒன்றை எழுதியிருந்தார். சோக நாடகம். சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளி அரங்கத்தில் நாடக வாரம் ஏற்பாடாகியிருந்தது. தினம் ஒரு குழு. கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, மாமாவின் நாடகம்.

"மாப்பிள்ளைக்கு நாடகம்னா ரொம்பப் பிரியமாமே? வித்யா சொன்னா. வாரம் முழுக்க சேர்ந்தே போயிடலாமே" என்று அவரே போன் செய்து அழைத்தார்.

தினமும் ஆபீஸ் விட்டு தாம்பரத்தில் இறங்குவேன். கிழக்குப் பக்கம் ஸ்கூட்டரோடு அவர் நிற்பார். பின்னால் உட்கார்ந்துகொள்வேன். திரும்பி வரும்போது அன்றைய நாடகத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்வேன். அவர் ஹெல்மெட் போட்டிருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். கேம்ப் ரோடு சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்களுக்கும் அது இலவசமாகக் கிடைத்தது.

முதல் நாள் ஒரு குடும்ப நகைச்சுவை. மேடை நடுவில் ஒரு சோபா. ஆளாளுக்கு வந்து அதில் உட்கார்ந்து ஒரு ஜோக், எழுந்து ஒரு ஜோக். "மாமா, இதுல சோபாவுக்குத்தான் பெரிய ரோல். அது ஒண்ணுதான் இயல்பா இருந்தது" என்றேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "உம்" என்று வந்தது. எனக்கு உற்சாகமாகிவிட்டது.

அடுத்த நாள் புராணம். கிருஷ்ணருக்கு முதுகில் மைக்கின் பாட்டரிப் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. விஸ்வரூபத்தின்போது அது நழுவி, பகவான் ஒரு கையால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே அர்ஜுனனுக்கு உபதேசம் செய்தார். நான் தொழில்நுட்பத்தையும் பக்தியையும் இணைத்து, மப்பேடு திருப்பம் தாண்டும்வரை பேசினேன். "உம்."

நவீன நாடகம் ஒன்று வந்தது. கறுப்பு உடை போட்ட நாலு பேர் வசனமே இல்லாமல் தரையில் ஊர்ந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே அதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினேன். தெருக்கூத்து நாளில், தினம் தினம் ரசித்த களைப்பில், கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் வந்ததும் தூங்கிவிட்டேன். கைதட்டல் கேட்டு விழித்தேன். அதற்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தேன்: "நம்ம மரபுல அந்த வேகம் இருக்கு பாருங்க மாமா..." (யாரும் குறுக்கு விசாரணை செய்யாதவரை விமர்சனம் பாதுகாப்பான தொழில்.)

மற்ற இரண்டு நாட்களில் என்ன பார்த்தேன் என்பது இப்போது நினைவில்லை. ஆனால் சனிக்கிழமை வீடு திரும்பும்போது, ஒரு நடிகர் வசனம் மறந்து தடுமாறியதைப் பற்றி நான் சொன்னது நினைவிருக்கிறது. "வசனம் மறக்கறது நடிகரோட தப்பே இல்ல மாமா. திரைக்குப் பின்னாலேர்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கற பிராம்ப்டரோட தப்பு. அவன் நல்லா இருந்தா நாடகம் தானா ஓடும்."

அன்றைக்கு "உம்" வரவில்லை. அவர் வண்டியை ஓரம் கட்டி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"மாப்பிள்ளை, எங்க பிராம்ப்டருக்கு நேத்துலேர்ந்து ஜுரம். நாளைக்கு நீங்க பண்றீங்களா?"

"நானா? மாமா, எனக்கு..."

"உங்க குரல்தான் வேணும். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். மேடையில மெஷின் போட்டா மைக்கோட சேர்ந்து கீச்சுனு கத்தும், கழட்டி வெச்சுடுவேன். ஸ்கூட்டர் ஓட்டும்போதும் கழட்டித்தான் வெச்சிருக்கேன். ஹெல்மெட்டையும் தாண்டி உங்க குரல் மட்டும் ஒரு வார்த்தை விடாம கேட்டுது."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு மாலை. மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். மடியில் கையெழுத்துப் பிரதி. கோர்க்கப்படாத தனித்தனித் தாள்கள், புரட்டினால் சத்தம் வரக்கூடாது என்பதற்காக. அரங்கில் மூன்றாவது வரிசையில் வித்யா, அவள் அம்மா, சித்திகள், என் அப்பா அம்மா எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாமா நீதிபதி வேடத்தில், வெள்ளை மீசை ஒட்டிக்கொண்டு வந்து குனிந்தார்.

"ஒவ்வொரு வசனத்துக்கும் முதல் ரெண்டு வார்த்தை போதும். மிச்சம் எனக்கு வந்துடும். வேற எதுவும் பேசாதீங்க. இடது பக்கத்துலேர்ந்து எது காதுல விழுந்தாலும் என் வாய் அதைச் சொல்லிடும். பழகிப்போச்சு."

கதை இதுதான். ஓய்வு பெற்ற நீதிபதி. அவருக்கு ஒரே மகன். வேறு பிள்ளைகள் கிடையாது. மகன் அப்பாவின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு வீட்டை விற்றுவிடுகிறான். வாழ்நாளெல்லாம் ஊருக்குத் தீர்ப்புச் சொன்னவர், கடைசிக் காட்சியில் மகனுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாமல் மன்னித்து உயிர் விடுகிறார். மகனாக முரளி என்ற பையன், வங்கி ஊழியர். நீதிபதியின் மனைவியாக லலிதா டீச்சர். படித்துப் பார்த்தேன். நல்ல நாடகம், நிஜமாகவே.

முதல் காட்சி அருமையாகப் போயிற்று. நான் இரண்டு வார்த்தை கொடுத்தால் மாமா இருபது வார்த்தை கொடுத்தார். கையில் பொம்மலாட்டக் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது. இரண்டாம் காட்சியில் இரண்டு வார்த்தைகளை வெறுமனே கொடுக்காமல் கொஞ்சம் உணர்ச்சியோடு கொடுக்க ஆரம்பித்தேன். எனக்கு வியர்த்தது. பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. திரை இழுக்கிற தேவராஜ் அண்ணன் தனக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

"அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக்கட்டுமா?"

"திருப்பிக்கோ சார். மூணுல வெச்சிடாத, தூக்கிக்கினு பூடும்."

தூக்கிக்கொண்டு போவது ஃபேன் என்று நினைத்து, ஒரு கையால் ஃபேனைப் பிடித்துக்கொண்டு மூன்றில் வைத்தேன்.

என் மடி காலியாயிற்று. தாள்கள் புறாக்கூட்டம் மாதிரி எழும்பி மூலைக்கு மூலை இறங்கின. மேடையில் நீதிபதி மகனின் தோளில் கை வைத்து, அடுத்த இரண்டு வார்த்தைக்காக என் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய், மரியாதை குறையாமல் சொன்னேன்:

"மாமா, ஒரு நிமிஷம் இருங்க. பக்கம் பறந்துடுச்சு."

நீதிபதி மகனின் கண்களை உற்றுப் பார்த்தார். குரல் தழுதழுத்தது.

"மாமா... ஒரு நிமிஷம் இருங்க. பக்கம்... பறந்துடுச்சு."

முரளி நல்ல நடிகன். அப்பா தன்னை 'மாமா' என்று கூப்பிட்டதை ஒரு மிடறு விழுங்கித் தாங்கிக்கொண்டான். பிறகு முதல் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். வாழ்க்கை என்னும் புத்தகத்தில் ஒரு பக்கம் போய்விட்டதாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். (நவீன நாடகத்தன்று நானும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.)

கைக்குக் கிடைத்த தாள்களை வாரி எடுத்து, மேலே இருந்ததைப் படித்தேன்.

"உன்னை மன்னிச்சுட்டேன்..."

மாமாவின் வாய் பிடித்துக்கொண்டது. "உன்னை மன்னிச்சுட்டேன் மகனே! நீ வித்தது வீட்டைத்தான், என் பாசத்தை இல்லை!" என்று கடைசிக் காட்சியின் வசனத்தை உருக்கமாகச் சொல்லி முடித்தார்.

சிக்கல் என்னவென்றால், மகன் வீட்டை விற்பது நாலாவது காட்சியில். அதுவரை முரளி உத்தமன். அவன் திகைத்துப்போய், எழுதாத வசனம் ஒன்றைச் சொன்னான்.

"அப்பா, நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே!"

சிரிப்பு பின் வரிசையில் கிளம்பி முன்னால் வந்தது. என் அப்பாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. நான் தேவராஜ் அண்ணனைப் பார்த்துத் திரையை இழுக்கச் சொல்லிக் கையைக் காலை ஆட்டினேன்.

"இன்னா சார் நீ, ஜனம் நல்லா சிரிச்சிக்கினு கீது. இப்பப் போய் மூட சொல்றியே" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சரியான தாள் எங்கே என்று தேடினேன். அது மேடையில் கிடந்தது. லலிதா டீச்சர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலடியில். குனிந்து போனால் தெரியாது என்று அந்த நேரத்தில் தோன்றியது. தவழ்ந்து போனேன். மேடை விளக்கு எவ்வளவு பிரகாசம் என்பது, அதற்கு வெளியே ஆறு நாள் உட்கார்ந்து விமர்சித்தவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பாதி தூரத்தில், நாலு காலில், தாளுக்காகக் கையை நீட்டிய நிலையில் அரங்கமே என்னைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் வித்யா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் கண் தெரிந்தது.

மாமா என்னைப் பார்த்தார். அவர் மேடைக்காரர். மேடையில் என்ன வந்தாலும் கதைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும் என்று பழகியவர். நீதிபதியின் கம்பீரத்தோடு கேட்டார்:

"யாருப்பா நீ?"

நான் எத்தனையோ சொல்லியிருக்கலாம். வேலைக்காரன், திருடன், எலக்ட்ரீஷியன். ஆனால் மாமா கேட்டால் உண்மையைச் சொல்லும் பழக்கம் எனக்கு.

"மாப்பிள்ளை."

லலிதா டீச்சர்தான் நாடகத்தைக் காப்பாற்ற முயன்றார். கணவரின் கையைப் பிடித்து, பதைபதைப்போடு சொன்னார்:

"நமக்குப் பொண்ணே இல்லையேங்க!"

அதற்குப் பிறகு பேசிய எதுவும் சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. முரளி என்னைத் தூக்கி நிறுத்தி, "உட்காருங்க அத்தான்" என்று சொன்னதாகப் பின்னால் தெரிந்தது. கடைசிக் காட்சியில் நீதிபதி உயிர்விட்டபோது சனம் எழுந்து நின்று சிரித்தது.

விழாக் குழுவினர் மேடையிலேயே பரிசுகளை அறிவித்தார்கள். சிறந்த நகைச்சுவை நாடகம்: எங்களுடையது. மாமா போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டு, மைக்கில் நன்றி என்று மட்டும் சொன்னார்.

ஒப்பனை அறையில் அவர் தனியாக உட்கார்ந்து மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். கல்யாணம் நின்றுபோனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் யோசனை. இன்னொரு பக்கம், அவர் அந்த நாடகத்தை எழுத எத்தனை காலை நேரங்களைச் செலவழித்தார் என்று வித்யா சொன்னது ஞாபகம் வந்தது. அவர் காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"உள்ள வாங்க. நாடகம் எப்படி இருந்தது மாப்பிள்ளை?"

அந்த வாரத்தில் முதல் தடவையாக என்னிடம் அபிப்பிராயம் இல்லை. "மன்னிச்சுடுங்க மாமா" என்றேன்.

"அதை நான் ரெண்டாவது சீன்லயே பண்ணியாச்சே" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் தோள் லேசாகக் குலுங்கியது. அன்றைக்கும் ஸ்டேஷன்வரை அவர்தான் கொண்டுவந்து விட்டார். கேம்ப் ரோடு சிக்னலில் அவர் தோள் இன்னொரு தடவை குலுங்கியது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. தாலி கட்டி முடித்ததும் என் மாமியார், கூட்டத்தில் யாரோ "மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டதற்கு, "யாருன்னே தெரியலைங்க, நமக்குப் பொண்ணே இல்லையே" என்று சொல்லி, சாஸ்திரிகள் உட்பட எல்லோரையும் சிரிக்கவைத்தார். அன்று தொடங்கியது. இன்றைக்கும் நான் போன் செய்தால் அதுதான் முதல் பதில்.

மாமா அந்த நாடகத்தை உட்கார்ந்து திருத்தி எழுதினார், முழு நகைச்சுவையாக. பறக்கும் தாள், அவசர மன்னிப்பு, தவழ்ந்து வரும் மாப்பிள்ளை எல்லாம் இப்போது எழுத்தில் இருக்கின்றன. பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் என்று பல இடங்களில் போட்டாகிவிட்டது. அடுத்த வாரம் சிங்கப்பெருமாள் கோவிலில் போடுகிறார்கள். மாப்பிள்ளை வேஷத்துக்கு ஆள் தேடியபோது நானே முன்வந்தேன். ஒத்திகையில் தவழ்ந்து காட்டினேன். மாமா கன்னத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "சரியா வரலை மாப்பிள்ளை. கொஞ்சம் செயற்கையா இருக்கு" என்றார். வேஷம் முரளியின் மச்சானுக்குப் போயிற்று.

அவன் தவழ்வதைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. முழங்கால் ஊன்றுவதில் பயமே தெரியவில்லை. நேற்று சாப்பிடும்போது வித்யாவிடம் அதை விளக்க ஆரம்பித்தேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்களை மாதிரி நடிக்கறதுக்கே நீங்க லாயக்கில்லைன்னு அப்பா சொல்லிட்டார். பேசாம சாப்பிடுங்க."