பலாப்பழத்தைப் பிளந்த ராஜ்யம்

ஏழு மலைக்கு அப்பால் பூவரசபுரி என்றொரு ராஜ்யம் இருந்தது. நான் அங்கே போனதில்லை; அதனால் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் எனக்கில்லை.

ஒருநாள் அந்த ஊர்ச் சந்தையில் எவனோ பலாப்பழத்துக்குள் வெடிமருந்தை வைத்துவிட்டான். ஒரு பந்தல் எரிந்தது. ராஜா பதறிப்போனார். காவல் மந்திரி அட்டகாசராயர் மறுநாளே சட்டம் போட்டார்: கோட்டைக்குள் வரும் ஒவ்வொரு பலாப்பழத்தையும் வாசலில் பிளந்து பார்க்க வேண்டும்.

அந்த ஊரில் கல்யாணச் சீருக்கு முழுப் பலாப்பழம்தான் வைப்பார்கள். பிளந்ததை யாரும் தொட மாட்டார்கள். பலாக்காரி பவுனம்மாளின் பிழைப்பு அன்றே படுத்துவிட்டது. ஆனாலும் தினமும் ஒரு பழத்தோடு வந்து, "பிளக்காம விடுங்கய்யா" என்று மன்றாடுவாள்.

அடுத்த சட்டம் பூசணிக்கு. பிறகு தலையணைக்கு. பிறகு பெண்களின் கொண்டைக்கு. ஒரே மாதத்தில் வாசலில் மூன்று மைல் வரிசை நின்றது, சந்தை காலி.

"சந்தையில் வெடித்தால் சாவதற்கு இப்போது ஆளே இல்லை, மன்னா. முழு வெற்றி!" என்றார் மந்திரி.

வெடிக்காரனுக்கும் இது தெரிந்துபோயிற்று. சந்தைவரை நடக்கும் வேலை மிச்சம் என்று, பழத்தோடு வரிசையிலேயே வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் பவுனம்மாள்.

"ஏம்ப்பா, பழம் இம்புட்டுப் பழுத்திருக்கு, வாசமே வரலியே. எந்தத் தோட்டம்?"

"எங்க மாமா தோட்டம்."

"மரம் நிறைய நிக்குதோ?"

"மரமா? கொடிதான் அக்கா, பந்தல் போட்டுப் படர விட்டிருக்கோம்."

பவுனம்மாள் கத்தினாள். "ஐயா காவக்காரரே, இந்தப் பழத்தை வந்து பாருங்க!"

காவலர் தலை நிமிரவில்லை. "வரிசையில வாம்மா. உன் முறை நாளைக்குத்தான்."

அதற்குள் அவன் பழத்தின் காம்பில் தீ வைத்துவிட்டான். இருபது வருஷம் பலா சுமந்த கை அவளுடையது. பிடுங்கி ஒரே வீச்சில் அகழியில் எறிந்தாள். 'டம்' என்றது. இரண்டு முதலைகள் கரையேறி வந்தன. காவலர்கள் அவற்றையும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஓடப் பார்த்தவனை ஜனங்களே பிடித்துக் கட்டினார்கள்.

ராஜா பதக்கம் கொடுத்தார், மந்திரிக்கு. மந்திரி இன்னொரு சட்டம் போட்டார்: அரசு அனுமதியின்றி யாரும் பழத்தை மோந்து பார்க்கக் கூடாது.

பவுனம்மாள் இப்போது சௌக்கியம். வரிசை ஐந்து மைலாகிவிட்டதால் கல்யாணங்களும் வரிசையிலேயே நடக்கின்றன. கோட்டைக்கு வெளியே பழத்தைப் பிளக்க ஆளில்லை, முழுசாகவே விற்கிறாள். வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு முறை மோந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

அதன் பிறகு அங்கே ஒன்றும் வெடித்ததில்லை. எல்லாம் சட்டத்தின் மகிமை என்கிறார் மந்திரி.